வெறும் இடம்

“அதுக்குள்ள ஒண்டும் ஏத்த வாணாம், ஸப்ரி.”

பஸ்லியா அவன் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். ஸப்ரி அவள் கணவர் முஸ்தாக்கின் அக்கா மகன், கல்முனை பஸாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். மாமியின் பதற்றத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

வீட்டுக் கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகவே நின்று நின்று ஓடுகிறது. அதன் டிஸ்க் இன்றோ நாளையோ கண்ணை மூடிவிடும். அதற்கு முன் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட வேண்டும் என்று அவள்தான் அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

பிரதி எடுக்கும் மென்பொருளை உள்ளே ஏற்றாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டச் சம்மதித்தான். அதிலும் இரண்டு வைத்திருந்தான். ஒன்று, ஃபைல் உள்ள பகுதியை மட்டும் எடுக்கும், சட்டென்று முடியும். மற்றது, காலி இடம் உட்பட மூலை முடுக்கு விடாமல் எடுக்கும். முடிய அஸர் தொழுகை நேரம் ஆகிவிடும்.

“மத்ததப் போடு,” என்றாள்.

ஃபைல் என்று அதில் பெரிதாக ஒன்றுமில்லை. தன் வகுப்புப் பிள்ளைகளின் வினாத்தாளைக்கூட அவள் பக்கத்து வீட்டில் போய்த்தான் அடிப்பாள். இன்டர்நெட்டையும் பிடுங்கிவிட்டிருந்தாள். ஒருநாள் முஸ்தாக் ஏதோ கடிதத்தை அதில் சேமிக்கப் போய் வீடே இரண்டுபட்டது. மனைவிக்கு மூளை பிசகிவிட்டதோ என்று மனிதர் பயந்தே போனார்.

மூளைக்கு ஒன்றுமில்லை. மகள் அம்ஹா காய்ச்சலில் மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய அன்று ஸப்ரியின் உம்மா சொன்னார்: படம் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள், பிள்ளைக்கும் நல்லதில்லை. முஸ்தாக் அழுதழுது மகளின் எல்லாப் படங்களையும் அழித்தார். முதலில் போனில், பிறகு இந்தக் கம்ப்யூட்டரில். பஸ்லியா தடுக்கவில்லை. பிள்ளைக்குக் கூடாது என்று சொன்னால் எந்த உம்மாதான் வாய் திறப்பாள்?

ஆனால் எப்போதோ ஒரு ஆசிரியர் பயிற்சியில் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அழித்தது உடனே போய்விடாது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை அங்கேயே கிடக்கும்.

அன்றிலிருந்து அங்கே வேறெதையும் அவள் உட்கார விடவில்லை.

வீட்டில் ஆளில்லாத நேரம் கம்ப்யூட்டரைத் திறந்து, டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி என்று காட்டும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாட்களில் ஸலாமும் சொல்வாள். யாரோ பதில் சொல்லக் காத்திருப்பது போல அறை அமைதியாக இருக்கும்.

“அழிச்ச படங்களும் சேர்ந்து வரும்தானே?” இப்போதுதான் கேட்டாள்.

ஸப்ரியின் சிரிப்பு போய்விட்டது.

“மாமி, இது பழைய மாதிரி டிஸ்க் இல்ல. அம்ஹாட ஒன்லைன் வகுப்புக்கெண்டு வேகமானதா நான் போட்டுத் தந்தது. இதுல அழிச்சா, அந்த இடத்த அதுவே துடைச்சிரும். அண்டைக்கே போயிருக்கும், மாமி.”

அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கத்த வேண்டும் போல இருந்தது. இத்தனை காலமும் யாருக்கு ஸலாம் சொன்னோம்?

“சின்னதப் போட்டு முடிப்பமா? அங்க ஒண்டுமில்ல.”

“இல்ல. அந்த வெறும் இடத்தையும் எடு.”

“என்னத்துக்கு, மாமி?”

இந்த ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸா வாசலைத் தாண்டியதோடு சரி. மகளை அடக்கிய இடத்தைப் பஸ்லியா இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

“உன்ட மாமா வெள்ளிக்கு வெள்ளி மையவாடிக்குப் போறாரு. அங்க மட்டும் அவரு என்னத்தக் காண்றாரு?”

ஸப்ரி காலி இடத்தையும் எடுக்கும் அந்தப் பெரியதையே ஓடவிட்டான்.