மூன்று காயங்கள்

முதல் குத்திலேயே மாப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடி பறந்து, துறைமுகக் கற்சுவரைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது குத்தில் மூக்கு உடைந்தது.

"மச்சான், மெதுவா... சத்தம் போடாதீங்க," என்றான் மாப்பிள்ளை, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

"ஏண்டா, நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமா? என் தங்கச்சி மேல கை வைக்கும்போது அந்த மானம் எங்கடா போச்சு?"

லாரிப் பட்டறையில் துருப்பிடித்த நட்டுகளை இருபது வருடமாகக் கழற்றுகிற அண்ணனின் கை அது. வீட்டில் ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் மனைவியிடம் தோற்றுப்போகிற கையும் அதுதான். ஆனால் இன்றைக்குத் தங்கைக்காக நன்றாகவே வேலை செய்தது.

மத்தியானம் தங்கை அவன் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆள்காட்டி விரலில் பிளேடால் கீறியது போல் வரிவரியாக வெட்டு. காது மடல் கிழிந்து இரண்டு தையல். கேட்டால், "கதவு இடிச்சிடுச்சுண்ணே" என்று சிரிக்கிறாள்.

அவள் உடை மாற்றும்போது பார்த்துவிட்ட அவன் மனைவிதான் காதோடு காதாகச் சொன்னாள். "அடிவயித்துல உள்ளங்கை அகலத்துக்குக் கன்னிப்போயிருக்குங்க. கம்பால குத்தின மாதிரி."

அதற்குமேல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. 'தங்கமான பையன், அதிர்ந்து பேச மாட்டான்' என்று இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததே அவன்தான். சின்ன வயதில் அவள் குளத்தில் மூழ்கப் பார்த்ததிலிருந்து, வாளித் தண்ணீர் பக்கம் போனால்கூட அதட்டி வளர்த்த தங்கை. இன்றே முடிவு கட்டாவிட்டால், அடுத்த முறை அவளை உயிரோடு பார்ப்போமா என்று, அவள் கிளம்பிப் போனதும் மாப்பிள்ளையைத் தேடித் துறைமுகத்துக்கே வந்துவிட்டான்.

மாப்பிள்ளையின் காலடியில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வரிசை வரிசையாக இறகு முட்கள். புழுவும் இல்லாமல் இரையும் இல்லாமல், தூண்டில் முள்ளில் கோழி இறகைக் கட்டி வீசிக் கடல் மீனை ஏமாற்றுகிற கிறுக்கு விளையாட்டு.

"பொண்டாட்டியைக் குத்திட்டு, துரைக்கு இங்க விளையாட்டு கேக்குதா?" பெட்டியை எட்டி உதைத்தான்.

"ஐயோ மச்சான், மூக்கை வேணா உடைங்க. பெட்டியை விட்டுடுங்க!"

"மூக்கை எப்பவோ உடைச்சாச்சுடா!"

மாப்பிள்ளையின் கையைப் பிடித்து முறுக்கினான். வாரம் தவறாமல் தூண்டிலும் கையுமாக இங்கே கிடப்பவனின் விரல்கள், ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழவென்றிருந்தன. பார்த்ததும் வெறி இன்னும் ஏறியது.

"அவ விரலை அறுத்துட்டு, உன் விரலை மட்டும் பூ மாதிரி வச்சிருக்கியா? ஒவ்வொண்ணா ஒடிக்கிறேன் பாரு. சொல்லு, அந்தக் காயமெல்லாம் எப்படி வந்துச்சு?"

"சொல்ல மாட்டேன் மச்சான். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"சத்தியமா? யாருக்குடா?"

முறுக்கிய கையின் சுண்டு விரல் பின்பக்கமாக வளைந்து, 'மடக்' என்றது. மாப்பிள்ளை அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவருக்குக் கீழே, கடல் உள்ளே நுழைகிற கழிமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, குதிச்சுத் தப்பிக்கலாம்னு பார்க்கிறியா? உனக்கு எதுக்கு சிரமம்? நானே தள்ளி விடுறேன்!"

சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து, இடுப்புவரை சுவருக்கு வெளியே தொங்கவிட்டான். தள்ளுவதற்கு முன், ஆழம் எவ்வளவு என்று தானும் எட்டிப் பார்த்தான்.

கீழே, இடுப்பளவு தண்ணீரில் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

வில்லாக வளைந்த தூண்டில் கம்பின் அடிப்பகுதி அவள் அடிவயிற்றில் ஊன்றியிருந்தது. ஆள்காட்டி விரலை அறுத்துக்கொண்டு நூல் சரசரவென்று ஓடியது. தையல் போட்ட காதுக்கு மேலே, தொப்பியில் செருகிய இறகு முட்கள் காற்றில் ஆடின. நூலின் மறுமுனையில், அவள் உயரத்துக்கு ஒரு மீன் தண்ணீரைக் கிழித்துத் துள்ளியது.

அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. ஒரு நொடிதான்.

"அண்ணே, அவரை அப்புறம் அடிச்சுக்கலாம், முதல்ல இறங்கி வந்து வாலைப் பிடி!"