நிக்காஹ் மண்டபத்தில் நானோ பெட்டி

பிராங்க்ளினுக்குக் காதர் பீவியைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துப்போனது. திண்டுக்கல் பேகம்பூரில் அவருக்குத் தோல் மண்டி. கணவர் காலமான பிறகு நிர்வாகம் முழுக்க அவர் கையில். ஆளோ, எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ரகம். ஏமாற்றிப் பிழைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

"தண்ணியில ஹைட்ரஜன் இருக்கும்மா. நம்ம பெட்டிக்குள்ள நானோ பவுடர் இருக்கு. ஒரு தலைமுடிய லட்சம் கூறு போட்டா ஒரு கூறு எம்புட்டு இருக்கும்? அம்புட்டுப் பொடிசு. அது ஹைட்ரஜனைப் பிடிச்சுக் கரண்டா மாத்திரும். புகை கிடையாது, சத்தம் கிடையாது. மிச்சமா சொட்டுறது வெறும் தண்ணிதான்."

காதர் பீவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஊத்துறதும் தண்ணி, வாறதும் தண்ணி. அப்ப நடுவுல கரண்டு எங்கிட்டிருந்து தம்பி வருது?"

"அதாம்மா நானோ!"

"மாஷா அல்லா!" என்று அவர் வாயைப் பிளந்தார்.

பிராங்கோ நானோ ஹைட்ரோ பவர் கம்பெனிக்கு பிராங்க்ளின்தான் முதலாளி, அவனேதான் விஞ்ஞானி. முந்தின வருடம் வரை அவனுடைய விசிட்டிங் கார்டில் தேக்கு மரம் இருந்தது. இப்போது 2008. மின்வெட்டில் ஊரே வெந்துகொண்டிருக்க, தேக்கு மரத்தை விற்பதைவிட கரண்டை விற்பது சுலபம். திண்டுக்கல் ஜில்லாவுக்கே டீலர்ஷிப் தருவதாகச் சொல்லி, அட்வான்ஸைக் கறந்துகொண்டு கம்பி நீட்டுவதுதான் திட்டம்.

"வாற வியாழக்கிழமை எம்மக ஹுஸ்னாவுக்கு நிக்காஹ்," என்றார் காதர் பீவி. "பகல் பன்னெண்டுக்கெல்லாம் கரண்டைப் பிடுங்கிருவாய்ங்க. சம்பந்தி வீட்டுக்காரவுக உத்தமபாளையம், குளுகுளுன்னு இருந்து பழகுனவுக. ஃபேன் ஓடலைன்னா எம்மகளை ஆயுசுக்கும் குத்திக் காட்டுவாக. அன்னைக்கு உங்க பெட்டிய ஓட்டிக் காட்டுங்க. பந்தி முடிஞ்ச கையோட அட்வான்ஸ் தாரேன்."

பிராங்க்ளின் பெட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பெட்டிக்குள் இருந்தது ஒரு பழைய லாரி பேட்டரி. ஒரு டியூப் லைட்டைச் செத்த நேரம் எரிய வைக்கும். மண்டபத்து ஃபேன்களைக் காட்டினாலே படுத்துவிடும். ஆனால் நிக்காஹுக்கு ஊரிலுள்ள மண்டிக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்களே! நாக்கில் எச்சில் ஊற, சரியென்றுவிட்டான்.

அன்றைக்குப் பார்த்து வைகாசி முகூர்த்தம். திண்டுக்கல்லைச் சல்லடை போட்டுச் சலித்தும் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கிடைக்கவில்லை. கடைசியில் ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்புக்காரரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவர் கேட்ட வாடகையைக் கொடுத்து, ஒன்றை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"பெட்டியச் சமையக்கட்டு ஓரமா வைங்க தம்பி. அந்தச் சுவத்துக்குப் பின்னாடி ஆள் நடமாட்டமே இருக்காது," என்று காதர் பீவியே இடம் காட்டினார்.

வசதியாகப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர், இந்தப் பக்கம் நீலப் பெயின்ட் அடித்த பெட்டி, நடுவில் ஜன்னல் வழியாக ஒயர். பெட்டிக்குள் ஒரு குளுக்கோஸ் பாட்டிலை ஒளித்து, கீழே வைத்த டம்ளரில் தண்ணீர் சொட்டவும் வழி பண்ணினான்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மண்டபம் 'உஸ்' என்றது. பிராங்க்ளின் பெட்டியின் பொத்தானை அமுக்கினான், வெளியே நின்ற லாரி டிரைவர் ஜெனரேட்டரைத் தட்டிவிட்டான். எல்லா ஃபேனும் ஒரே சமயத்தில் சுழல, கூட்டம் கைதட்டியது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் டம்ளர் தண்ணீரைக் குடித்தே பார்த்துவிட்டார்.

"அட, முனிசிபாலிட்டித் தண்ணிய விட நல்லா இருக்கே!"

அப்போதுதான் வந்தது வினை. காதர் பீவிக்குப் பக்கத்து வீட்டுக்காரரான சடையாண்டி, டவுன் ஸ்டேஷன் ஏட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"ஏம்ப்பா, டீசல் வாடை வருது? என்னமோ தடதடன்னு சத்தமும் கேக்குது?"

அவர் பின்கதவை நோக்கி நடக்க, பிராங்க்ளின் பின்னாலேயே ஓடினான். இன்றைக்கு மாமியார் வீடுதான் என்று நினைத்தபோது, காதர் பீவி ஓட்டமும் நடையுமாக வந்து குறுக்கே நின்றார்.

"பச்சை வெறகுண்ணே, எரியலைன்னு சமையக்காரர் சீமெண்ணெய ஊத்திட்டாரு. அதான் வாடை. அந்தப் புகைக்குள்ள நீங்க எதுக்குப் போறீக? வாசப்பக்கம் காத்தாட உக்காருங்க. ஏய் பாட்டு செட்டு! இன்னுங் கொஞ்சம் சத்தமா வையிப்பா!"

ஏட்டு திரும்பிப் போனார். பிராங்க்ளினுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நானோவை இப்படி நம்புகிற ஜீவனையா ஏமாற்றுகிறோம் என்று வருத்தப்பட்டான். அட்வான்ஸ் ஞாபகம் வந்ததும் வருத்தம் போய்விட்டது.

ஆண்கள் பந்தி முடிந்தது. "மண்டபமா இது, கொடைக்கானலா?" என்று சம்பந்தி பிரியாணி ஏப்பத்தோடு பாராட்டினார். அந்த வார்த்தையைக் கேட்டு காதர் பீவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. இதுதான் சமயமென்று பிராங்க்ளின் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் போனான்.

"அம்மா... அந்த அட்வான்ஸு..."

"மறப்பேனா தம்பி? எம்மக மானத்தையே காப்பாத்திட்டீகளே."

உள்ளே போய், உப்பிப்போன ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். ஆவலாகப் பிரித்துப் பார்த்தான். உள்ளே ஒரு காலி பிளாஸ்டிக் கேன் இருந்தது.

காதர் பீவி அதே அப்பாவி முகத்தோடு குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டண்ணன் வாசல்லதான் உக்காந்திருக்காக. நீங்க வெரசா போயிட்டு வந்துருங்க தம்பி, பொம்பளைக பந்தி முடியறதுக்குள்ள ஜெனரேட்டர்ல டீசல் தீந்துரப் போகுது!"