அகல ரிம்

"அண்ணே, லாரியில இருக்கிற பழைய டயரையே அகலமான ரிம்முல மாட்டலாமா?"

டயர் கடைக்காரர் கையிலிருந்த லீவரைக் கீழே வைக்கவில்லை. "கூடாதும்மா. விரலுக்கேத்த வீக்கம்தான் வேணும்."

"காத்தை அடிச்சு இழுத்து உட்கார வெச்சா?"

"உட்காரும். பார்க்க ஜோராவும் இருக்கும். லோடோட ஒரு வளைவுல திரும்பினா டயர் கழண்டுக்கும். அப்புறம் வண்டி பள்ளத்துலதான்."

"தெரியாம யாராவது மாட்டிடுவாங்களா?"

"தொழில் தெரியாதவன் மாட்டுவான். தெரிஞ்சவன் மாட்டினா அவனைத் தூக்குல போடணும்!" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரிம்மை வாங்கிட்டியா? போய்த் திருப்பிக் கொடுத்துடு."

"மாட்டியாச்சுண்ணே. வண்டி வெளியில நிக்குது. திரும்பும்போதெல்லாம் காத்து இறங்குது."

அவர் வெளியே வந்து குனிந்து பார்த்தார். புது ரிம்கள் பளபளத்தன. அளவு பத்தாத சட்டையைப் போல டயர்கள் இழுபட்டு நின்றன. பின்னால் நிறைய சிமென்ட் மூட்டைகள்.

"எந்த மடையன் மாட்டினான்? எங்கே உன் டிரைவர்?"

"நான்தான் ஓட்டுறேன். மாட்டினது என் வீட்டுக்காரர். கல்யாண நாள் பரிசு." அவள் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "அவரும் டயர் கடைதான் வெச்சிருக்கார். இருபது வருஷமா."

கடைக்காரர் லீவரைக் கீழே வைத்தார்.

அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் கணவனின் குரல் கனிவாகக் கேட்டது: "மலைப்பாதை வந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்லைங்க" என்றாள்.