படி இல்லாத தளம்

“சொந்த வீடு கட்டினா உனக்கு என்ன அம்மிணி வேணும்?” என்று கல்யாணமான புதிதில் சென்னியப்பன் கேட்டார். “பின்னால பலகை போட்டு ஒரு தளம். மழை பேஞ்சா நீங்க காப்பி போடோணும், நான் உக்காந்து குடிக்கோணும்” என்று சிரித்தாள் துளசிமணி. வீடு கட்டியும் தளம் மட்டும் முப்பத்தோரு வருஷம் தள்ளிப்போனது. துளசிமணிக்கு இனி வைத்தியம் வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்ட மறுநாளே சென்னியப்பன் ஆசாரியை அழைத்து வந்துவிட்டார்.

மூன்று படி வைத்து உயர்த்திக் கட்டினால்தான் அழகு என்றார் ஆசாரி. சென்னியப்பனுக்கும் அதுவே பிடித்தது. மாதிரிப் பலகைகளை மனைவியின் மடியில் பரப்பினார். புதுத் தேக்கின் வாசம் எழுந்தது. அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“உசரம் வேண்டாமுங்க. ஹாலோட சமமா இருக்கட்டும். கைப்பிடியும் வேண்டாம். நாலு பக்கமும் ஆளுக சுத்தி நிக்கறாப்பல அகலமா வைக்கச் சொல்லுங்க.”

“ஏன், கூத்துக் கட்டி ஆடப்போறயா?”

அவள் சிரிக்கவில்லை. ஆசாரி அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு மெதுவாக வெளியே போனார். சென்னியப்பன் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏனுங் மாமா, ஆஸ்பத்திரியில இருந்தே சொல்லோணும்னு இருந்தேன். என்னைய அந்த ஹால் இருட்டுல, ஐஸ் பெட்டிக்குள்ள போட்டு மூடி வெச்சறாதீங்க. இங்க கொண்டாந்து, கொஞ்ச நேரம் வெளிச்சத்துல கெடத்துங்க.”