பத்தொன்பதாவது நிமிடம்

“நான்தான் ஊசி. வயசு இருபத்தி மூணு. இப்போ இருக்கிற இடம் மேல் கட்டில். அக்கா, இந்த மாசம் வந்த புது எலெக்ட்ரானிக் இசை மூணு கேட்டேன். என் கருத்தைச் சொல்றேன், கேட்டுக்கோ.”

அவன் பேசப் பேச, ஃபோன் எழுத்தாக்கிக் குடும்பக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தது.

“உங்கக்கா இதைக் கேட்டாளா? சாப்பிட்டியான்னுதானேடா கேட்டா?”

கீழ்க் கட்டிலிலிருந்து மாமா. அக்காவின் கணவர். ஊசியை ஊரிலிருந்து இங்கே வரவழைத்து, தான் வேலை பார்க்கும் சலவை ஆலையிலேயே சேர்த்துவிட்டவர். ஆஸ்பத்திரி விரிப்புகளை டன் கணக்கில் வெளுக்கும் இடம். மாமா துவைக்கிற பக்கம், நாலாம் நம்பர் டிரம்மில்; ஊசி மடிக்கிற பக்கம். மாமாவுக்கு இன்று மதிய ஷிஃப்ட். கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது.

மாமா சொன்னதையும் ஃபோன் எழுதித் தொலைத்துவிட்டது. அக்காவின் பதில் உடனே வந்தது: “நான் கேட்டேன்னு சொல்லு. அவரை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு.”

ஊசி தொடர்ந்தான். “முதலாவது, ஒரு பொண்ணு உறைஞ்ச ஏரிக்குள்ள மைக்கை இறக்கி எடுத்தது. ஐஸ் விரிசல் விடற சத்தம், அவ்வளவுதான். ஆனா பூமியே சோம்பல் முறிக்கிற மாதிரி இருக்குக்கா. கேட்டுட்டு ரெண்டு நாள் நான் அதிர்ந்து நடக்கல. ரெண்டாவது, ரெண்டு பேர் பழைய சிந்தசைசர் வச்சு வாசிச்சது. அழகுதான். ஆனா அழகா இருக்கணும்னு ரொம்ப மெனக்கெட்டிருக்காங்க. பொண்ணு பார்க்கப் போறவன் தலை சீவின மாதிரி.”

“நானும் அப்படித்தான் சீவிட்டுப் போனேன். உங்கக்கா நிமிர்ந்தே பார்க்கல.”

“மூணாவது…” ஊசியின் குரல் இறங்கியது. “முந்தாநாள் வந்தது. பேர் இல்ல, அட்டைப் படம் இல்ல. இருபத்தாறு நிமிஷம். நாற்பது பேர்தான் கேட்டிருக்காங்க. ஒருத்தர், ‘எழுந்து நின்னுட்டேன்’னு எழுதியிருக்கார். அக்கா, மாமா ஷிஃப்டுக்குப் போறதுக்குள்ள இதைக் கேக்கணும். ரெண்டு நாளா கெஞ்சறேன்.”

“உன் காதால நான் பட்டது போதும் மாப்ளே.”

போன மாதம், துவைக்கிற பக்கம் என்னவோ சத்தம் சரியில்லை என்று மேலாளரிடம் போய் நின்றவன் ஊசி. வேலையை நிறுத்தி, டிரம்களைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. கையில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு முறை என்றால் வேலை போகும். அன்றிலிருந்து மடிக்கிற பக்கம் முழுக்க அவனைப் பார்த்தால் காதைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறார்கள். கூட்டி வந்த மாமாவுக்குத் தலைகுனிவு.

“என் காதை யார் நம்பாட்டியும் பரவால்ல. நீங்க ஒருத்தர் நம்பணும் மாமா. அது போதும்.”

ஃபோன் ஒளிர்ந்தது. அக்கா: “கேளுங்க. இல்லேன்னா ஒரு வாரத்துக்கு என்கிட்ட பேசாதீங்க.”

மாமா பெருமூச்சு விட்டார். கழுத்தில் கயிறோடு தொங்கிய காதடைப்பான்களை ஒதுக்கிவிட்டு, ஹெட்ஃபோனை வாங்கினார். “நல்லா இல்லேன்னா, ‘சத்தம்’ங்கிற வார்த்தையே உன் வாயிலேர்ந்து வரக்கூடாது. சரியா?”

“சரி மாமா.”

ஐந்தாவது நிமிடம்: “கொர்ருனு இருக்கு. இதுக்கா எழுந்து நின்னான்?”

எட்டாவது நிமிடம்: கால் கட்டைவிரல் மட்டும் ஆடத் தொடங்கியிருந்தது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். “டேய்… ஏதோ பெரிய உயிர் ஒண்ணு மூச்சு விடற மாதிரி இருக்குடா. உள்ள தண்ணி புரளுது. நெஞ்சுக்குள்ள வந்து சுத்துது. எப்படிடா செஞ்சான்?”

மேல் கட்டிலில் ஊசி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் மாமாவின் கட்டைவிரல் நின்றது.

“இந்த இடத்துல ‘டொக்’குனு ஒண்ணு வருதே?”

“வருது மாமா.”

“அடுத்த சுத்துலயும் வருது.” புருவம் நெரிந்தது. “தாளம் தப்புதுடா. இரு… தப்பல. ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் பெரிசாகுது. சூடு ஏற ஏற விரியற மாதிரி.” ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். “யாருடா இவன்? பெரிய ஆளா?”

ஊசி ஏணியில் இறங்கி வந்து அவர் எதிரே நின்றான். “பெரிய ஆள்தான். தினம் எட்டு மணி நேரம் நீங்க காதை அடைச்சுக்கிட்டு யார் பக்கத்துல நிக்கிறீங்களோ, அவர்தான் மாமா. வெள்ளிக்கிழமை என் ஃபோனைத் துண்டுல சுத்தி அவர் கால்ல கட்டி வச்சு, நான்தான் பதிவு பண்ணிப் போட்டேன்.”

மாமா ஹெட்ஃபோனைக் கழற்றினார். பிறகு தலையணைக்கு அடியில் துழாவித் தன் ஃபோனை எடுத்தார். ஆலைக்குள் ஃபோன் மணி அடித்தால் ஒருவருக்கும் கேட்காது, திரையைத்தான் பார்ப்பார்கள். ஆபரேட்டர்கள் குழுவைத் திறந்து மைக்கை அழுத்தினார்.

“நான்தான் மதிய ஷிஃப்ட் ஆபரேட்டர். வயசு நாற்பத்தொண்ணு. இருக்கிற இடம் கீழ்க் கட்டில். பதினோரு வருஷமா பக்கத்துல நின்னும் எனக்குக் கேக்காதது என் மச்சினனுக்குக் கேட்டிருக்கு. இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி, நாலாம் நம்பர் டிரம் உள்ள விரிசல் விடுது, இப்பவே நிறுத்திட்டுத் தள்ளிப் போயிடுங்க.”