முகூர்த்தத்துக்கு முன் ஒரு டெஸ்ட்

மலேசியாவின் ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தின் கல்யாணப் பந்தலில் விளக்குகள் ஜொலித்தன. ஒயரிங்கைச் சோதிக்க வந்த விக்னேஸ்வரி, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்தினாள். ஒரு விளக்குகூட அணையவில்லை.

"பெயில்!" என்றாள்.

ஒயரிங் செய்த குணாளன் பதறினான். "முகூர்த்தத்துக்கு ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போட்டுடு லா!"

"மழையில பந்தலே நனைஞ்சு கெடக்கு. சின்னப் புள்ளைங்க ஒயரத் தொட்டா என்னாவும்? சுவிட்ச மாத்துங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். அவள் மறுபடி அழுத்தினாள். 'டப்'பென்று அத்தனை விளக்குகளும் அணைந்தன. விக்னேஸ்வரி துள்ளிக் குதித்துக் கையெழுத்திட்டாள்.

"இப்ப சந்தோஷமா?"

"ரொம்ப! ஓடிப்போய்க் குளிச்சு வேட்டியக் கட்டுங்க. இந்தக் கரிக் கையோட எனக்குத் தாலி கட்ட வந்துடாதீங்க!"

சிரித்தபடியே கூறைப்புடவை கட்ட ஓடினாள் மணப்பெண்.