கைக்கு வந்த முகமூடி

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், தாயி. அந்த முகமூடி எந்த ஆம்பளை கைக்கு வந்தாலும் அடுத்த மழைக்குள்ள வீட்டுக்குப் புதுப் பெண்டாட்டி வந்துடும்."

ஆற்றில் மரவள்ளியை ஊறப்போட்டுக் கொண்டிருந்த வபிவாவின் கை அப்படியே நின்றது. சொன்னவன் இதோங்வா, அவள் கணவன் கிகுனிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

இதோங்வாவுக்கு ஒரு வாரமாக வயிற்றெரிச்சல். செத்துப்போன பெரியப்பாவின் முகமூடி உள்ளங்கை அகலம்தான் இருக்கும்; வெள்ளை மண் பூசி, நாரில் தாடி வைத்த மரமுகம். ஆனால் அது யார் கைக்குப் போகிறதோ அவன் ஊர்ப் பெரியவர்களின் ப்வாமி சங்கத்தில் ஒரு படி ஏறிவிடுவான், ஊரே எழுந்து வழிவிடும். பெரியவர்கள் அதைக் கிகுனிக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். நேற்றுப் பிறந்த பயல் கிகுனி, சடங்கில் வழக்கப்படி அதன் தாடியைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு ஆடுவான். மூத்தவன் உட்கார்ந்து கைதட்ட வேண்டுமாம்!

ஒன்று மட்டும் இதோங்வாவுக்கு நன்றாகத் தெரியும். பெண்டாட்டியும் கூட வந்து நின்றால்தான் ப்வாமியில் அந்தப் படி ஏற முடியும்.

மறுநாள் காலையிலேயே வபிவா கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கிகுனி பின்னாலேயே ஓடிக் கெஞ்சியும் திரும்பவில்லை. சடங்கு நாள் நெருங்கிவிட்டதால் பெரியவர்கள் மறுபடி கூடி, அடுத்த உரிமை இதோங்வாவுக்கு என்றார்கள். அவன் முகத்தைத் தொங்கப்போட்டு, பாவம் தம்பி என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, பாதை வளைவு தாண்டியதும் வாய்விட்டுச் சிரித்தான். அதற்குள் முரசு அவன் பெயரை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டை நெருங்கும்போதே மனைவிக்குக் குரல் கொடுத்தான். "அசினா, உடம்புக்கு எண்ணெய் தேய்ச்சுக்கோ. முகமூடி நமக்குத்தான்."

"முரசுலயே கேட்டேன்" என்று வெளியே வந்தாள் அசினா. அவள் முதுகில் கூடை இருந்தது. கூடையில் பாயும் பானையும் இருந்தன.

"எங்கே கிளம்பிட்டே?"

"எங்க அம்மா வீட்டுக்கு. வபிவா போற வழியில இங்க தண்ணி குடிச்சுட்டுப் போனா. அந்த முகமூடி எந்த ஆம்பளை கைக்கு வந்தாலும் புதுப் பெண்டாட்டி வந்துடுமாமே? நீங்களே சொன்னீங்களாம்."